உங்களுக்குத் தெரியுமா? கருத்தடையும் கல்யாணமான பெண்ணும்

● கருத்தடை பற்றி நம் பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ஆனால் 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவின் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 99 பேருக்கு ஏதாவது ஒரு நவீன கருத்தடை முறை தெரிந்திருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள் 56 பேர்தான். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் போன்றோரை எல்லாம் கழித்த பிறகும் நூற்றுக்கு 9 பேர் மிஞ்சுகிறார்கள். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம், அல்லது இனி வேண்டவே வேண்டாம் என்று நினைத்தும் எந்த முறையையும் பயன்படுத்தாதவர்கள் இவர்கள். கோடிக்கணக்கான பெண்கள் உள்ள நாட்டில் இந்த 9 சின்ன எண் அல்ல.

● ஏன் பயன்படுத்தவில்லை? ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 52 நாடுகளின் கணக்கெடுப்புகளை எடுத்து, கட்மாகர் ஆய்வு நிறுவனம் கல்யாணமான பெண்களின் பதில்களைத் தொகுத்தது. "எனக்குத் தெரியாது", "கிடைக்கவில்லை", "விலை அதிகம்" என்ற பதில்கள் மிகக் குறைவு. பக்கவிளைவு பயம் என்றவர்கள் 26 சதவீதம். கணவரோடு சேர்ந்திருப்பதே அபூர்வம் என்றவர்கள் 24 சதவீதம். தனக்கோ வீட்டாருக்கோ இதில் உடன்பாடு இல்லை என்றவர்கள் 23 சதவீதம். பாலூட்டுவதால் தேவையில்லை என்று இருந்துவிட்டவர்கள் 20 சதவீதம். சுவரொட்டி ஒட்டினால் தீர்கிற பிரச்சினை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

● 2019-21 தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நவீன முறைகளைப் பயன்படுத்தும் கல்யாணமான பெண்கள் நூற்றுக்கு சுமார் 65 பேர். நாட்டின் சராசரியைவிட நன்றாகவே அதிகம். பெருமைப்படலாம். ஆனால் அந்த 65ஐப் பிரித்துப் பாருங்கள். 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். காப்பர் டி வைத்திருப்பவர்கள் சுமார் 5 பேர். மாத்திரையும் ஆணுறையும் சேர்ந்தாலும் இரண்டைத் தாண்டுவது கஷ்டம். ஆண்களுக்கான ஆபரேஷன் 0.1 சதவீதம், அதாவது ஆயிரம் தம்பதிகளில் ஒரே ஒரு கணவர்.

நாம் சாதனை என்று சொல்கிற எண்ணில் பத்தில் ஒன்பது பங்கு, பெண்ணின் வயிற்றில் போட்ட தையல். கருத்தடைப் பயன்பாடு உயர்ந்திருப்பது வேறு, பெண்ணுக்குத் தேர்வு இருப்பது வேறு. முதலாவது நமக்கு நிறைய இருக்கிறது, இரண்டாவது இன்னும் குறைவு.

● ஆந்திராவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேர்.

● இந்தியப் பெண்கள் ஆபரேஷன் செய்துகொள்ளும் நடுவயது 25, 26. அதற்கு முன் தற்காலிக முறை எதையும் தொட்டே பார்க்காதவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். 20ல் கல்யாணம், 21ல் முதல் குழந்தை, 24ல் இரண்டாவது, அந்தப் பிரசவத்தோடேயே ஆபரேஷன். முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உடம்பு தேறுவதற்கான கருத்தடை என்ற ஒரு கட்டம் இந்த வரிசையில் இல்லவே இல்லை.

● அந்த முடிவு எடுக்கப்படும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டு. இரண்டாவது குழந்தை, இதுவும் சிசேரியன். வலி வந்து படுத்திருக்கிறவளிடம் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்கிறார்கள். பக்கத்தில் அம்மா நிற்கிறாள். "வயித்தைக் கிழிக்கிறதுதான் கிழிக்கிறாங்க, இதையும் சேர்த்து முடிச்சுக்கோ. இன்னொரு தடவை யாரு வந்து பார்க்கிறது?" என்கிறாள். அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தால் கூலி போகும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், சாப்பாடு கொண்டுவர ஒருவர் அலைய வேண்டும்.

ஆனால் வாழ்நாள் முழுக்க மாறாத ஒரு முடிவை, பிரசவ வலியின் நடுவே கேட்கக் கூடாது. ஏழாம் மாதத்தில், எட்டாம் மாதத்தில், ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வரும்போதே உட்காரவைத்து எல்லா முறைகளையும் பேச வேண்டும். தாய்-சேய் அட்டையை ஒழுங்காக நிரப்பும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இதைப் பொறுப்பாகச் செய்யத்தான் செய்கிறார்கள். கூட்டம் நெரியும் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் அந்தப் பேச்சு விட்டுப்போகிறது.

● பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி வெளியே வந்த 10 நிமிடத்துக்குள்ளேயே காப்பர் டி வைக்கலாம். 48 மணி நேரம் வரைகூட வைக்கலாம். '380 ஏ' வகை 10 ஆண்டு வேலை செய்யும். வேண்டாம் என்று எடுத்தவுடன் கருத்தரிக்கும் திறன் பழையபடி திரும்பிவிடும்.

● அப்படியானால் ஏன் அதைக் கண்டு இத்தனை பயம்? "மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்" என்று ஒரு பேச்சு ஊர் ஊராக இருக்கிறது. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது என்பது வைக்கும்போது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரக்கூடியது. ஆனால் இன்னொரு பயத்தில் உண்மை இருக்கிறது. காப்பர் டி வைத்த முதல் சில மாதங்கள் தீட்டு அதிகமாகப் போகும், வலியும் இருக்கும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது, கூடுதல் ரத்தப்போக்கை "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தட்டிக்கழிப்பது தவறு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காததால்தான் ஒருத்தி எடுத்துவிடுகிறாள். அவள் சொல்லும் அனுபவத்தைக் கேட்டுத் தெருவில் இன்னும் நாலு பேர் வைக்காமலே விடுகிறார்கள்.

● 2019-21 தேசியக் கணக்கெடுப்பின்போது ஏதேனும் ஒரு முறையைப் பயன்படுத்திய இந்தியப் பெண்களில், பக்கவிளைவுகள் என்னென்ன என்று எப்போதாவது சொல்லப்பட்டவர்கள் 62 சதவீதம் மட்டுமே. முந்தைய கணக்கெடுப்பில் இது 50ஐக்கூடத் தொடவில்லை. முன்னேற்றம்தான், ஆனால் போதாது. முன்கூட்டியே சொல்லப்பட்ட பக்கவிளைவைப் பெண் பொறுத்துக்கொள்வாள். சொல்லாமல் வந்தால் பதறிப்போய் அந்த முறையையே விட்டுவிடுவாள். வளரும் நாடுகளில் மாத்திரை, ஊசி போன்ற தற்காலிக முறைகளைத் தொடங்கும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஓராண்டுக்குள் நிறுத்திவிடுகிறார்கள் என்பதற்கு முக்கியமான காரணம் இது.

● 'மாலா-என்' அட்டையை எடுத்துப் பாருங்கள். 28 மாத்திரை இருக்கும். 21தான் கருத்தடை மாத்திரை. மீதி 7 நிறம் வேறு, அவை இரும்புச்சத்து. தினமும் ஒன்று என்கிற பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும், ரத்தசோகைக்கு உதவவும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் அட்டையைக் கையில் கொடுத்தால், நிறம் மாறின மாத்திரையைக் கண்டு பயந்து தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு.

தினமும் மறக்காமல் விழுங்குவது ஒரு வேலை. பலர் ஒரே அறையில் படுக்கும் கூட்டுக்குடும்பத்தில் அந்த அட்டையை எங்கே வைப்பது என்பது இன்னொரு வேலை. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, மாமியார் கண்ணில் படக் கூடாது என்று துணிப்பெட்டியின் அடியில் வைத்தால், அவசரத்தில் ஒரு நாள் எடுக்க முடியாமல் போகும். பல வீடுகளில் மாத்திரை தோற்பது இப்படித்தான். வீட்டில் அவளுக்கென்று ஓர் அலமாரிக் கதவு இருக்கிறதா என்பதும் கருத்தடையைத் தீர்மானிக்கிறது.

● வாரத்துக்கு ஒன்று போட்டால் போதும் என்ற மாத்திரையைக் கண்டுபிடித்தது நம் நாடு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது, 'சஹேலி' என்ற பெயரில் 1991ல் வந்தது. இப்போது அரசு மையங்களில் 'சாயா' என்று இலவசமாகத் தருகிறார்கள். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு முறை, அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை. இதில் ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை, பாலூட்டும் தாய்மாரும் எடுக்கலாம். சிலருக்குத் தீட்டு தள்ளிப்போகும், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் இதன் பெயரைக் கேள்விப்படாத படித்த பெண்களே நம்மிடம் ஏராளம். நம் விஞ்ஞானிகளின் உழைப்பு நம் பெண்களுக்கே போய்ச் சேராதது வருத்தமான விஷயம்.

● 'அந்தரா' என்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. 2017லிருந்து அரசுத் திட்டத்தில் இருக்கிறது. மாத்திரை அட்டைபோல வீட்டில் ஒளித்துவைக்க வேண்டியது இல்லை. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடமும் கொடுக்கக் கூடாது. தீட்டு ஒழுங்கில்லாமல் வரும், பிறகு சிலருக்கு நின்றே போகும், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. நிறுத்தினால் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் கழித்துத்தான் பெரும்பாலோருக்குக் கரு நிற்கும். "தீட்டு வராம கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடும்" என்ற பயம் நம் ஊரில் ஆழமானது. அது தங்குவதில்லை, உருவாவதே இல்லை என்று ஒரு நர்ஸ் இரண்டு நிமிடம் விளக்கினால் போதும், அவள் அடுத்த ஊசிக்கு வருவாள்.

● ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் நடந்த ஆய்வு இது. 2014ல் வெளியானது. காத்திராமல் நர்ஸைப் பார்த்து ஊசியோ வேறு முறையோ இலவசமாகப் பெற்றுக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்தார்கள். பாதிப் பெண்களுக்கு அவர்கள் தனியாக இருக்கும்போது, மீதிப் பேருக்குக் கணவர் பக்கத்தில் இருக்கும்போது. சீட்டு ஒன்றுதான், மருத்துவமனையும் ஒன்றுதான். கணவர் முன்னால் வாங்கியவர்களில் சேவையை நாடிப் போனவர்கள் 19 சதவீதம் குறைந்தார்கள். பிறர் அறியாமல் பயன்படுத்தக்கூடிய முறைகளை எடுத்தவர்கள் 25 சதவீதம் குறைந்தார்கள். பிள்ளைப்பேறு 27 சதவீதம் கூடியது.

கணவர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருக்கு வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் அவளுக்கு வேண்டியதும் ஒன்றாக இல்லை, பத்து மாதம் சுமப்பதும் பெறுவதும் அவள். அந்த வித்தியாசத்தைப் பேசித் தீர்க்கும் வழக்கம் வீட்டில் இல்லாதபோது, அறைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

● நைஜர் நாட்டின் சிந்தேர் பகுதியில் 2007ல் 'கணவர்கள் பள்ளி' என்று தொடங்கினார்கள். ஊரில் மதிப்புள்ள கணவன்மார் சிலர் கூடி, பிரசவம், கருத்தடை பற்றிக் கற்றுக்கொண்டு மற்ற ஆண்களிடம் பேச வேண்டும். உலகிலேயே பிள்ளைப்பேறு விகிதம் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று அது. நம் சுயஉதவிக் குழுக்கள்போல ஆண்களுக்கும் இப்படி ஒன்று இங்கே வந்தால் நல்லது.

● மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பதற்கும் கருத்தடைக்கும் என்ன சம்பந்தம்? உத்தரப்பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 2018ல் இளம் மனைவியரிடம் விவரம் சேகரித்தார்கள். கணவர், மாமியார் தவிர அந்த மாவட்டத்திலேயே நெருங்கிய தோழியோ உறவோ இல்லை என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மாமியாரோடு வசிக்கும் மருமகளுக்கு வெளியே பேசிப்பழக ஆள் இன்னும் குறைவு. மாமியார் கூடுதல் பேரப்பிள்ளைகளை எதிர்பார்க்கும் வீடுகளில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கம். பேச ஆள் இல்லாதவள் மருத்துவமனைக்குப் போவதும் குறைகிறது, கருத்தடை எடுப்பதும் குறைகிறது.

நம் பக்கத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போகிற வழக்கம், நூறு நாள் வேலைத்தளம், மகளிர் குழுக் கூட்டம், டவுன் பஸ் பயணம் எல்லாம் பெண்ணுக்குப் பெண் பேச இடம் தருகின்றன. "நான் வெச்சு மூணு வருஷமாச்சு, எனக்கு ஒண்ணும் பண்ணலைக்கா" என்று நாற்று நடும் வயலில் ஒருத்தி சொல்லும் சொல்லுக்கு, எந்த விளம்பரத்துக்கும் இல்லாத பலம் உண்டு.

● உலகிலேயே அரசாங்கம் நடத்திய முதல் கருத்தடை மையம் 1930ல் மைசூர் சமஸ்தானத்தில் திறக்கப்பட்டது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அல்ல.

● அதே காலத்தில் தமிழகத்தில் பெரியார் கருத்தடையைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கர்ப்பத்தடை' என்று தனி அத்தியாயமே உண்டு. மற்றவர்கள் தாயின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் சொன்னார்கள். பெரியார் அவை எதையும் முதலில் வைக்கவில்லை. பெண் விடுதலைக்குக் கர்ப்பம் தடையாக இருக்கிறது, அதனால் கர்ப்பத்தடை வேண்டும் என்றார். 1935 டிசம்பரில் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தார். செயற்கை முறைகளைக் காந்தி ஏற்கவில்லை, தன்னடக்கமே வழி என்று நின்றார். சுதந்திரத்துக்குப் பின் 1952ல் நாட்டின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. தேசிய அளவில் அரசே இப்படியொரு திட்டம் தொடங்கிய முதல் நாடு நாம்தான். ஆனால் அந்தத் திட்டம் கையில் எடுத்துக்கொண்டது மக்கள்தொகைக் கணக்கை. பெண்ணின் விருப்பம் பின்னுக்குப் போனது. அந்தத் தொடக்கத்தின் விளைவைத்தான் இன்றைய 58 சதவீதத்தில் பார்க்கிறோம் என்பது என் கருத்து.

● ஆண்களுக்கான ஆபரேஷன் ஒரு காலத்தில் இங்கே சர்வசாதாரணம். 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாகாணத்தில் அதற்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். எல்லாவற்றையும் குலைத்தது நெருக்கடி நிலை. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாட்டில் சுமார் 83 லட்சம் ஆபரேஷன்கள். அதில் ஆண்களுக்குச் செய்தவை மட்டும் 62 லட்சம். பெரும்பகுதி நிர்ப்பந்தம், வடமாநிலங்களில் கொடுமை. தேர்தலில் ஆட்சி போனது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்களைத் தொடத் துணியவில்லை, திட்டத்தின் முழு பாரமும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் நிமிரவில்லை.

இத்தனைக்கும் ஆண்களின் ஆபரேஷன் பத்துப் பதினைந்து நிமிட வேலை. தையல் வேண்டாத முறை வந்து எத்தனையோ வருஷமாகிறது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஆண்மையோ வேலை செய்யும் பலமோ போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: உடனே பலன் தராது, மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும். அண்டை நாடான பூட்டானில் 2010 கணக்கின்படி நூறு தம்பதிகளில் சுமார் 12 கணவர்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

● இந்திய ஆண்களில் 35 சதவீதம் பேர், 'கருத்தடை பெண்கள் விவகாரம், ஆண் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை' என்ற கருத்துக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். கருத்தடை எடுக்கும் பெண் நடத்தை கெட்டுப்போவாள் என்று ஏறக்குறைய 20 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். இது ஏதோ பழைய காலத்துக் கணக்கு அல்ல, 2019-21.

● மகனுக்காகக் காத்திருப்பதும் கருத்தடையைத் தள்ளிப்போடுகிறது. இரண்டும் பெண்ணாக இருந்தால், 'இன்னொன்று பார்ப்போம்' என்ற பேச்சு எழுகிறது. தமிழ்நாட்டின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992ல் வந்தது. பெண் குழந்தை மட்டுமே உள்ள பெற்றோர், ஒருவரேனும் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் குழந்தையின் பெயரில் அரசு பணம் போடும். நோக்கம் நல்லது, பல பெண் குழந்தைகளின் படிப்புக்கு அந்தப் பணம் உதவியிருக்கிறது. ஆனால் காப்பர் டி வைத்துக்கொண்ட தாய்க்கு அந்தப் பணம் கிடையாது. அப்பாவும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று விதி இடம் தருகிறது, செய்துகொள்வது அம்மாதான்.

● 2004 சுனாமியில் நாகப்பட்டினக் கரையோரம் பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த தாய்மார் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் முடித்தவர்கள். கருக்குழாயை மறுபடி இணைக்கும் சிகிச்சையை அவர்களுக்கு இலவசமாகச் செய்ய அரசு உத்தரவிட்டது. சிலருக்குக் குழந்தை பிறந்தது. சிலருக்கு இல்லை. மறுபடி இணைத்தாலும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. 25 வயதில் நிரந்தர முறை எடுப்பதற்கு முன் இதையும் ஒரு பெண்ணுக்குச் சொல்ல வேண்டாமா?

● 2014 நவம்பர், சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டம். ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த மாவட்ட முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். எல்லோரும் இளம் தாய்மார். உச்ச நீதிமன்றம் 2016ல், மூன்றாண்டுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொன்னது. இலக்கு வைத்து ஆள் பிடிப்பது கூடாது என்றது.

● அடிவாங்கும் பெண்ணுக்குக் கருத்தடை எட்டுவதில்லை. பீகார், ஜார்கண்ட், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களின் கிராமங்களில், 1998-99ல் கணக்கெடுத்த பெண்களையே 2002-03ல் மறுபடி போய்ப் பார்த்தார்கள். கணவனிடம் அடி வாங்கியதாகச் சொன்ன பெண்கள் இடைப்பட்ட ஆண்டுகளில் கருத்தடை எடுத்தது குறைவு. வேண்டாத கர்ப்பம் அதிகம்.

● நேபாளத்தில் 2006க்கும் 2011க்கும் இடையே நவீன கருத்தடைப் பயன்பாடு ஏறவே இல்லை, 44 சதவீதத்திலிருந்து ஒரு புள்ளி இறங்கியது. திட்டம் தோற்றுவிட்டதா என்று அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். காரணம் வேறு. கல்யாணமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் கணவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இந்தியாவிலோ வேலையில் இருந்தார். ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் துபாய்க் கணவர்களின் மனைவிமார் எத்தனை பேர்! இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் அவர் வருவார். ஊர் பார்க்க அதற்கு முன்னால் போய் ஊசி போட்டுக்கொண்டால், "புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு எதுக்கு?" என்று கேட்பார்களே என்று கூசி, போகாமல் இருந்துவிடுகிறாள். இந்தப் பெண்களுக்கென்று தனியாக யோசித்த திட்டம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

● கேபிள் டி.வி. வந்த கிராமங்களில் என்ன மாறியது என்று 2001 முதல் 2003 வரை பீகார், டெல்லி, கோவா, ஹரியானா, தமிழ்நாடு ஆகிய இடங்களில் பார்த்தார்கள். பெண்டாட்டியை அடிக்கலாம் என்ற எண்ணம் குறைந்தது. மகன்தான் வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்தது. பிள்ளைப்பேறும் குறைந்தது.

● வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 1977ல் ஒரு மாற்றம் செய்தார்கள். உள்ளூர்ப் பெண்களையே பணியாளர்களாக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாம் அவர்கள் கைப்பையில். தனியே வெளியே போக முடியாத பெண்களுக்கு வாசலிலேயே சேவை. ஏழெட்டு சதவீதமாக இருந்த பயன்பாடு ஒன்றரை ஆண்டில் 30ஐத் தாண்டியது. எத்தியோப்பியாவும் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தது. அங்கே 2000ல் 6 சதவீதம், 2016ல் 35 சதவீதம். தாய்லாந்தில் 1970லேயே துணை மருத்துவச்சிகளும் மாத்திரை கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். மூன்று நாட்டிலும் வேலையைச் செய்தது பக்கத்து வீட்டுப் பெண்போல வந்து பேசியவள்.

● சட்டம் தடுத்த கதைகளும் உண்டு. அயர்லாந்தில் நான்கு பிள்ளைகளின் தாயான மேரி மெகீ, இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்ததால் இங்கிலாந்திலிருந்து கருத்தடைப் பொருள் வரவழைத்தார். சுங்கத்துறை பறிமுதல் செய்தது. வழக்குப் போட்டு 1973ல் வென்றார். ஜப்பானில் பெண்களுக்கான கருத்தடை மாத்திரை முப்பது ஆண்டுக்கும் மேல் காத்துக்கிடந்தது. அதே நாட்டில் வயாகராவுக்கு ஆறே மாதத்தில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் பெண்களின் அமைப்புகள் கொதித்தெழுந்தன, 1999ல் மாத்திரைக்கும் அனுமதி வந்தது.

● மதம் தடை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஈரானில் 1989ல் மதத் தலைமையின் ஒப்புதலோடு கருத்தடை இலவசமானது. கல்யாணத்துக்கு முன் தம்பதிக்குக் குடும்ப நல வகுப்பு கட்டாயமானது. 1980களில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்த பிள்ளைப்பேறு 2000 வாக்கில் இரண்டானது. அதே அரசு 2021ல் சட்டம் போட்டு இலவச விநியோகத்தை நிறுத்தியது. மதம் மாறவில்லை, ஆட்சியின் தேவை மாறியது.

● தாய்ப்பாலும் ஒரு கருத்தடைதான், மூன்று நிபந்தனையோடு. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும். தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். தீட்டு திரும்ப வந்திருக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் நம்பக் கூடாது. "இன்னும் தீட்டே வரலையே" என்று இருந்துவிட்டு, ஒன்பதாம் மாதக் குழந்தை இடுப்பில் இருக்க அடுத்தது வயிற்றில் என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீட்டு வருவதற்கு முன்பே கரு உருவாகிவிட முடியும்.

● அவசரக் கருத்தடை மாத்திரை வாங்க மத்திய அரசின் விதிப்படி மருத்துவர் சீட்டு கேட்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியது அது. தமிழ்நாட்டு மருந்துக்கடைகள் பலவற்றில் பல ஆண்டுகளாக அது கிடைப்பதே இல்லை. ஆணுறை கிழிந்துபோன ஒரு தம்பதி கடை கடையாக அலைந்து நேரத்தைத் தொலைப்பது எவ்வளவு அநியாயம்!

● கடைசியாக, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவரின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. பெண்ணுக்கு 22 வயது ஆகியிருக்க வேண்டும், கல்யாணமானவளாக இருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும். அவள் சம்மதம் போதும். ஆபரேஷன் வேண்டாம், காப்பர் டி வேண்டும் என்று சொல்லவும் அவளுக்கு அதே உரிமை உண்டு. வைத்ததை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவும் உண்டு. ஆபரேஷன் செய்தும் கரு நின்றுவிட்டால் அரசு இழப்பீடு தரும், அதற்கான சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் வீட்டில், தெருவில் புதிதாகக் கல்யாணமான பெண்ணோ குழந்தை பெற்றவளோ இருந்தால், இதை அவளிடம் சொல்லுங்கள். அவள் கணவரிடமும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைக் கேட்கலாம். கூச்சமாக இருந்தால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசலாம்.